களையொழிப்புச் சட்டமும் காலத்தில் செய்யும் வேலையும்
(ஆஸ்திரேலியாவில் சப்பாத்திக்கள்ளி ஒழிந்த வரலாறு)

பயிருக்குக் கேடு செய்யும் சத்துருக்களில் பூச்சியையும் நோயையும் கண்டு குடியானவர்கள் அஞ்சுவதுபோலக் களையைக் கண்டு அஞ்சுவதில்லை. பூச்சி விழுந்தால் ஒரு வாரத்தில் வயல் வெளுத்துவிடுகிறது. நஷ்டம் கண்முன்னே நிற்கிறது. களையோ முதல் வருஷம் வரப்போரத்தில் ஒரு செடியாகத் தோன்றுகிறது. இரண்டாம் வருஷம் மூலையில் ஒரு புதராகிறது. அறுவடை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சில வருஷங்களுக்குள் நிலம் யாருடையது, களையினுடையதா, பட்டாதாருடையதா என்று கேட்கவேண்டிய நிலைமை வந்துவிடுகிறது.

அன்றியும், ஒருவர் நிலத்தில் வளரும் களை அவர் நிலத்தோடு நிற்பதில்லை. காற்றும், வாய்க்கால் நீரும், பறவையும், ஆடுமாடுகளும், வண்டிச் சக்கரமும் அதன் விதையை அண்டை நிலத்துக்குக் கொண்டுபோகின்றன. பாடுபட்டுக் களையெடுத்தவர், பாடுபடாத அண்டை நிலத்துக்காரரால் மறு வருஷமும் அதே செலவைச் செய்ய நேரிடுகிறது. இந்த அநியாயத்தைத் தடுக்கவே, பல நாடுகளில் நிலம் வைத்திருப்போர் தத்தம் நிலத்திலுள்ள கொடிய களைகளைத் தாமே ஒழிக்கவேண்டுமென்று சட்டங்கள் ஏற்பட்டன. சென்னை மாகாணத்திலும் 1919-ம் வருஷத்தில் அத்தகைய சட்டமொன்று நிறைவேறியது.

“என் நிலத்தில் எது முளைத்தால் சர்க்காருக்கென்ன?” என்று சில குடியானவர்கள் கேட்பதுண்டு. “சட்டம் போட்டுவிட்டார்கள், இனிக் களை போய்விடும்” என்று எண்ணும் உத்தியோகஸ்தர்களும் உண்டு. இவ்விரண்டு எண்ணங்களும் தவறென்பதை ஆஸ்திரேலியாக் கண்டத்தில் சப்பாத்திக்கள்ளி பரவிய வரலாறும், அது ஒழிந்த வரலாறும் ஐயமறக் காட்டுகின்றன. அவ்வரலாற்றில் நம் தென்னாட்டுக்கும் பங்கு உண்டாதலால், நில உடைமையாளரும் கிராம உத்தியோகஸ்தரும் அதை அறிந்திருப்பது நலம்.

கள்ளி வந்த வழி

சப்பாத்திக்கள்ளி என்றும் நாகதாளி என்றும் வழங்கும் செடிவகை அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. அதன் சில ஜாதிகளின்மேல் காச்சினீல் என்னும் ஒரு சிறு பூச்சி வாழ்கிறது. வெண்பஞ்சு ஒட்டினாற்போல் மடல்களின்மேல் காணப்படும் அப்பூச்சியை நசுக்கினால் இரத்தம் போன்ற சிவப்புச் சாயம் வரும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றும் அச்சாயம் ஒரு காலத்தில் மிகுந்த விலை பெற்றிருந்தது. ஆங்கிலச் சிப்பாய்களின் செந்நிற உடைகளுக்கு வேண்டிய சாயத்தைத் தம் ராஜ்யத்திலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டுமென்ற ஆசையால், 1788-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற முதல் குடியேற்றக் கப்பல்கள் வழியிலே பிரேஸில் தேசத்திலிருந்து பூச்சியோடுகூடிய கள்ளிச் செடிகளை ஏற்றிச் சென்றன.

அதே காலத்தில் அதே ஆசை சென்னையிலும் இருந்தது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராயிருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர், சாயப்பூச்சி வளர்ப்பதற்காகவே சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் வைத்தார். சாயத் தொழில் இரு நாடுகளிலும் நிலைபெறவில்லை. கள்ளி நிலைபெற்றது.

ஆஸ்திரேலியாவில் பெருந்தீங்கு விளைத்தது பிற்காலத்தில் வந்த வேறொரு ஜாதி. அது 1839-ம் வருஷத்தில் நியூ சௌத் வேல்ஸ் நாட்டிலுள்ள ஸ்கோன் என்னும் ஊருக்கு ஒரு தொட்டியில் வைத்துக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. வேலிக்கு நல்லது, வறட்சிக் காலத்தில் மாட்டுக்குத் தீனியாகும் என்று கருதி, பண்ணைக்காரர் ஒருவர் மற்றொருவரிடம் மடல்களை வாங்கி நட்டனர். வேலி ஒன்றுக்கு நட்ட செடி வேலியில் நிற்கவில்லை. ஒடிந்து விழுந்த ஒவ்வொரு மடலும் வேர்விட்டது. பழத்தைத் தின்ற காக்கைகளும் ஈமு என்னும் பெரும் பறவைகளும் விதையைப் பல மைல் தூரம் பரப்பின. ஆற்று வெள்ளம் மடல்களை அடித்துச் சென்று கரையெங்கும் நட்டது.

1900-ம் வருஷத்தில் குவீன்ஸ்லாந்து, நியூ சௌத் வேல்ஸ் ஆகிய இரண்டு நாடுகளிலும் சுமார் 1 கோடி ஏக்கர் நிலத்தில் கள்ளி பரவியிருந்தது. 1925-ம் வருஷத்தில் அது 6 கோடி ஏக்கராயிற்று. அதில் ஏறக்குறையப் பாதி, மனிதனோ மாடோ உள்ளே நுழையமுடியாத அடர்த்தியான காடு. குடியானவர்களின் வீடுகள் நாற்புறமும் கள்ளியால் சூழப்பட்டன. பல குடும்பத்தார் வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறினர்.

சட்டம் பிறந்ததும் பலிக்காததும்

இந்த ஆபத்தைச் சர்க்கார் அறியாமலிருக்கவில்லை. நியூ சௌத் வேல்ஸ் நாட்டில் 1886-ம் வருஷத்திலேயே சப்பாத்திக்கள்ளி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நிலத்தின் சொந்தக்காரரும் அனுபவதாரரும் தம் நிலத்திலுள்ள கள்ளியை அழிக்கக் கடமைப்பட்டவர் என்று அச்சட்டம் விதித்தது. மேற்பார்வைக்கு இன்ஸ்பெக்டர்களும் ஏற்பட்டனர். எனினும் அதன் பிறகு நாற்பது வருஷ காலம் கள்ளி ஓயாமல் பரவிக்கொண்டே சென்றது. சட்டம் இருந்தும் களை பரவியதற்கு மூன்று காரணங்கள் முக்கியமானவை.

முதலாவது, செலவு. அடர்ந்த கள்ளிக் காட்டில் ஒரு ஏக்கரில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள செடி நின்றது. அதை வெட்டி, குவித்து, எரிக்க ஆகும் கூலி, அந்நிலத்தின் கிரயத்தைப்போலப் பல மடங்காயிற்று. நூறு ரூபாய் பெறாத நிலத்துக்கு ஆயிரம் ரூபாய் செலவிடு என்று எந்தச் சட்டம் சொன்னாலும் குடியானவர் செய்யமாட்டார், செய்யவும் இயலாது. அபராதம் விதித்தால் நிலத்தை விட்டுப் போவார். அவர் போன நிலத்தில் கள்ளி தடையின்றி வளரும். ஆகவே, காலங்கடந்த இடத்தில் சட்டத்தைக் கடுமையாக நடத்துவது களையை ஒழிக்காமல் குடியை ஒழித்தது.

இரண்டாவது, சர்க்கார் நிலம். குடியானவர்களின் நிலத்தை அடுத்துக் கணக்கற்ற ஏக்கர் சர்க்கார் நிலங்கள் கள்ளி மூடிக் கிடந்தன. தம் எல்லைவரையில் சுத்தம் செய்தவர் எல்லைக்கு அப்பால் பார்த்தபோது, அடுத்த வருஷத்துக்கான விதை அங்கே பழுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது, ஒற்றுமையின்மை. பத்துப் பேரில் ஒன்பது பேர் சட்டத்தின்படி நடந்து, ஒருவர் நடவாவிட்டால், ஒன்பது பேரின் கூலியும் வீணாயிற்று. இதைக் கண்ட ஒன்பது பேரும் மறு வருஷம் கைகட்டி நின்றனர்.

இம்மூன்று காரணங்களில் முதலாவது மற்ற இரண்டையும்விடப் பெரிது. கள்ளி சில புதர்களாக இருந்த காலத்தில் ஒரு கூலியாள் அரை நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலையை, பிற்காலத்தில் ஒரு ராஜாங்கத்தின் பொக்கிஷமும் செய்யமுடியாமற் போயிற்று. உதாரணமாக, ஒரு களை வருஷந்தோறும் இரு மடங்காகப் பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வருஷம் 1 சென்டில் உள்ள களை, ஏழாவது வருஷ முடிவில் 128 சென்டாகிறது. அதாவது ஒரு ஏக்கருக்கு மேலாகிறது. முதல் ஐந்து வருஷங்கள் வரையில் அது 32 சென்டைத் தாண்டுவதில்லை. கடைசி இரண்டு வருஷங்களில்தான் 96 சென்டை விழுங்குகிறது. “இத்தனை வருஷமாக இல்லாமல் திடீரென்று வந்துவிட்டது” என்று குடியானவர்கள் சொல்வதன் உண்மை இதுவே. களை திடீரென்று வரவில்லை; கண்ணுக்குத் திடீரென்று தெரிந்தது.

விஷமும் வெகுமதியும்

சட்டம் பலிக்காத நிலையில் குவீன்ஸ்லாந்துச் சர்க்கார், கள்ளியை ஒழிக்கத் தக்க வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 1901-ம் வருஷத்தில் 5,000 பவுன் வெகுமதி அளிப்பதாக அறிவித்தனர். 1907-ல் அது 10,000 பவுனாக உயர்த்தப்பட்டது. அந்த வெகுமதியைப் பெற்றவர் எவருமில்லை. 1912 முதல் 1916 வரை டுலாக்கா என்னுமிடத்தில் டாக்டர் ஜீன் ஒயிட் என்னும் பெண்மணியின் பொறுப்பில் ஒரு பரிசோதனை நிலையம் நடைபெற்றது. பற்பல மருந்துகளைச் சோதித்ததில், பாஷாணச் சத்துள்ள ஒரு மருந்தே அதிகப் பலன் தருவதாகக் கண்டனர். ஆனால் அது மனிதருக்கும் மாட்டுக்கும் கொடிய விஷம். கோடிக்கணக்கான ஏக்கருக்குத் தெளிக்கவும் இயலாது. விதை பரப்புகின்றனவென்று ஈமுவையும் காக்கையையும் கொல்வோருக்குக்கூட ஒரு காலத்தில் பணம் கொடுக்கப்பட்டது. பறவைகள் மாண்டன, கள்ளி மாளவில்லை.

பிறகு சர்க்கார் தம் முறையை மாற்றிக்கொண்டனர். குவீன்ஸ்லாந்தில் 1923-ம் வருஷத்துச் சட்டத்தின்படி கள்ளி நிலங்களுக்கென்று தனியாக ஒரு கமிஷன் ஏற்பட்டு, 1924-ல் வேலை தொடங்கிற்று. நிலத்தில் கள்ளி எவ்வளவு அடர்த்தியாக உள்ளது என்பதைப் பார்த்து அதற்குத் தக்கவாறு குத்தகை குறைக்கப்பட்டது. சுத்தம் செய்பவருக்கு நிலத்தின்மேல் உறுதியான பாத்தியம் அளிக்கப்பட்டது. நியூ சௌத் வேல்ஸ் நாட்டிலும் 1924-ல் புதுச் சட்டம் இயற்றி, அதை நடத்த ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. செய்யாதவரைத் தண்டிப்பதோடு நில்லாமல், செய்யக்கூடியவராக ஆக்கவேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறு சட்டத்துக்குள் புகுந்தது. களைச் சட்டங்களின் சரித்திரத்தில் இது ஒரு பெரிய மாறுதல்.

தென்னாட்டிலிருந்து சென்ற பூச்சி

இதற்கிடையில், செடிக்குச் சத்துரு எங்கே என்று தேடும் யோசனை பிறந்தது. குவீன்ஸ்லாந்துச் சர்க்கார் ஹார்வி ஜான்ஸ்டன், ஹென்றி டிரையன் என்னும் இரு நிபுணர்களை 1912 முதல் 1914 வரையில் பல தேசங்களுக்கு அனுப்பினர். அவர்கள் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தனர். இங்கே அவர்கள் பார்க்கவேண்டியது ஒன்றிருந்தது.

1795-ம் வருஷத்தில் பிரேஸிலிலிருந்து வங்காளத்துக்கு ஒரு காச்சினீல் பூச்சி கொண்டுவரப்பட்டது. உயர்ந்த சாயம் தரும் பூச்சி அதுவே என்று எண்ணிக் கொண்டுவந்தார்கள். உண்மையில் அது மட்டமான வேறொரு ஜாதி. சாயத்துக்குப் பயன்படாத அப்பூச்சி, அக்காலத்தில் நாட்டில் பரவியிருந்த ஒரு வகைக் கள்ளியை அடியோடு தின்று அழித்தது. அதைக் கண்டு, 1836 முதல் 1838-க்குள் தென்னிந்தியாவுக்கும், பிறகு இலங்கைக்கும் அப்பூச்சியைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கும் அவ்வகைக் கள்ளி அழிந்தது. ஒரு களையை ஒழிப்பதற்காக அதன் சத்துருவான பூச்சியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு வேண்டுமென்றே கொண்டுபோன முதல் நிகழ்ச்சி இதுவென்று விஞ்ஞான நூல்கள் கூறுகின்றன.

மேற்படி நிபுணர்கள் அப்பூச்சியை இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்றனர். மரம்போல் வளர்ந்து மடல்கள் தொங்கும் ஜாதிக் கள்ளியை அது குவீன்ஸ்லாந்தில் வெகுசீக்கிரத்தில் அழித்தது. ஆனால் பெருங்கேடு செய்த மற்றொரு ஜாதியை அது தொடவில்லை. ஒரு ஜாதிக்கு ஏற்ற பூச்சி வேறொரு ஜாதிக்கு உதவாது என்பது அதனால் விளங்கிற்று. தென்னாட்டிலும் அதே அநுபவம் நேர்ந்தது. முதல் ஜாதி அழிந்த பிறகு நீண்ட முட்களையுடைய வேறொரு நாகதாளி தரிசுகளிலும் ஊர்ப் புறங்களிலும் பரவிற்று. அதற்குரிய வேறொரு காச்சினீல் பூச்சி 1924-ல் இலங்கைக்கும், அங்கிருந்து 1926-ல் தென்னிந்தியாவுக்கும் வந்த பிறகே அது அடங்கிற்று.

அர்ஜென்டினாவிலிருந்து வந்த புழு

1920-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியப் பொதுச் சர்க்காரும், குவீன்ஸ்லாந்து, நியூ சௌத் வேல்ஸ் சர்க்கார்களும் சேர்ந்து ஒரு கள்ளி ஒழிப்புச் சபையை ஏற்படுத்தின. அச்சபையின் நிபுணர்கள் அமெரிக்கக் கண்டமெங்கும் தேடினர். காக்டோபிளாஸ்டிஸ் என்னும் சிறு அந்துப்பூச்சி அர்ஜென்டினா தேசத்தில் உண்டென்பது முன்பே தெரியும். 1914-ல் கொண்டுவர முயன்றபோது புழுக்கள் பிழைக்கவில்லை. 1925-ம் வருஷத்தில் ஆலன் டாட் என்னும் நிபுணர் சுமார் 2,750 முட்டைகளைக் கப்பலில் அனுப்பினார். அவை ஆஸ்திரேலியாவில் உயிருடன் சேர்ந்தன.

அப்பூச்சியின் முட்டைகள் ஒரு சிறு குச்சிபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வெளிவரும் புழுக்கள் ஆரஞ்சு நிறமும் கரும்புள்ளியும் உடையவை. அவை கூட்டமாக மடலைத் துளைத்து உள்ளே சென்று சதையைத் தின்கின்றன. மடல் அழுகித் தோலாய்ச் சரிகிறது. கள்ளியைத் தின்ற பிறகு பயிரைத் தின்னுமோ என்னும் அச்சம் எவருக்கும் உண்டாவது இயற்கை. ஆகவே பயிர்ச் செடிகளை மட்டும் வைத்து, கள்ளியே கொடாமல், பூச்சிகளைப் பட்டினி போட்டுச் சோதித்தார்கள். பயிரைத் தின்று பிழைக்காது என்று தெரிந்த பின்னரே வெளியே விட்டார்கள்.

1926-ம் வருஷத் தொடக்கத்தில் பூச்சிகள் கள்ளிக் காடுகளில் விடப்பட்டன. அது முதல் 1931 வரையில் 200 கோடிக்கு மேற்பட்ட முட்டைகள் வளர்த்து வழங்கப்பட்டன. முட்டைக் குச்சிகளைக் காகிதத்தில் ஒட்டிக் குடியானவர்களுக்கு அனுப்ப, அவர்கள் அவற்றைக் கள்ளி மடல்களில் குத்தி வைத்தார்கள். 1930-க்கும் 1933-க்கும் இடையே பெருங்காடுகள் சரிந்து வீழ்ந்தன. ஐம்பது வருஷமாக அரிவாளுக்கும் விஷத்துக்கும் அடங்காத கள்ளி ஒரு சிறு புழுவுக்கு அடங்கிற்று. கைவிடப்பட்ட நிலங்களில் மறுபடியும் மாடுகள் மேய்ந்தன. குவீன்ஸ்லாந்தில் பூனார்கா என்னுமிடத்தில் குடியானவர்கள் கட்டிய ஊர்ப் பொது மண்டபத்துக்கு 1936-ம் வருஷத்தில் அப்பூச்சியின் பெயரையே இட்டனர். அது இன்றும் அப்பெயரோடு நிற்கிறது.

பூச்சிக்குப் பிறகும் சட்டம்

இதைப் படிப்பவர், “அப்படியானால் சட்டம் எதற்கு? சர்க்கார் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டால் போதுமே” என்று கேட்கலாம். அப்படி எண்ணுவது பிசகு. தக்க பூச்சி எல்லாக் களைக்கும் அகப்படுவதில்லை. அகப்பட்டாலும் அதைத் தேடிச் சோதிக்கப் பல வருஷங்களாகின்றன. ஓரிடத்தில் நன்மை செய்த பூச்சி வேறிடத்தில் தீமையும் செய்யக்கூடும். அதே காக்டோபிளாஸ்டிஸ் 1989-ம் வருஷத்தில் அமெரிக்காவின் பிளாரிடா நாட்டில் காணப்பட்டது. கள்ளி இயற்கையாக வளரும் அத்தேசத்தில் அது ஒரு பீடையாகக் கருதப்படுகிறது.

ஆஸ்திரேலியாவிலேயே கள்ளி வகைகளெல்லாம் ஒழிந்துவிடவில்லை. ஹட்ஸன் கள்ளி என்னும் முட்கள் நிறைந்த வேறொரு வகை நியூ சௌத் வேல்ஸ் நாட்டின் வடபாகத்தில் லைட்னிங் ரிட்ஜ் என்னும் ஊரைச் சுற்றிப் பரவி இக்காலத்திலும் தொல்லை தருகிறது. ஆகையால் நிலக்காரரின் கடமை அந்நாட்டுச் சட்டத்திலிருந்து நீங்கவில்லை, விரிவடைந்தது. குவீன்ஸ்லாந்தில் 2014-ம் வருஷத்துச் சட்டமும், நியூ சௌத் வேல்ஸில் 2015-ம் வருஷத்துச் சட்டமும் பொதுக் கடமையொன்றை எல்லோர்மேலும் சுமத்துகின்றன. களை, பூச்சி, நோய் இவற்றால் பிறருக்கு ஆபத்து நேரக்கூடுமென்று அறிந்தவர் எவரும், தம்மால் நியாயமாகச் செய்யக்கூடியதைச் செய்து அதைத் தடுக்கவேண்டும் என்பதே அதன் சாரம். இன்ஸ்பெக்டர் வந்து சொல்லும்வரையில் காத்திருக்கலாம் என்பதற்கு அதில் இடமில்லை.

நம் மாகாணத்துச் சட்டம்

1919-ம் வருஷத்துச் சென்னைச் சட்டம் பயிர்ப் பூச்சிகள், பயிர் நோய்கள், தீய களைகள் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து இயற்றப்பட்டது. அதன் அமைப்பு எளிது. ஒரு களை பரவி ஆபத்து விளைக்கிறது என்று சர்க்காருக்குத் தெரிந்தால், அக்களையின் பெயரையும், எந்தப் பிரதேசத்தில், எவ்வளவு காலத்துக்கு, என்ன பரிகாரம் செய்யவேண்டும் என்பதையும் கெஜட்டில் அறிவிக்கலாம். அறிவிப்பு வெளியானதும் அப்பிரதேசத்தில் நிலத்தை அனுபவிப்போர் யாவரும் அப்பரிகாரத்தைச் செய்யக் கடமைப்பட்டவராவர். பரிசோதனை உத்தியோகஸ்தர் நிலத்தில் பிரவேசித்துப் பார்க்கலாம். செய்யாதவருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸின்படியும் நடவாவிட்டால், வேலையைத் தாமே ஆள்விட்டுச் செய்து, செலவை நிலவரி பாக்கியைப்போல வசூலிக்கலாம்.

இதில் கவனிக்கவேண்டியது இரண்டு. முதலாவது, கடமை நிலத்தை அனுபவிப்பவர்மேல் விழுகிறது. பட்டா யார் பெயரிலிருந்தாலும், குத்தகை எடுத்து உழுபவர் “இது என் நிலமல்ல” என்று சொல்லித் தப்பமுடியாது. வெளியூரில் இருக்கும் உடையவரும் ஏஜண்டைக் காட்டி ஒதுங்கமுடியாது. இரண்டாவது, அறிவிப்பு இல்லாத இடத்தில் சட்டம் கைகொடுப்பதில்லை. களை பரவியிருக்கிறது என்ற செய்தி மேலே போனாலன்றி அறிவிப்பு வராது. செய்தி அனுப்பவேண்டியவர் ஊரிலிருப்பவரே.

அறிவிப்பு ஒன்றே போதாது என்பதற்கும் அண்டை நாட்டில் சாட்சி உண்டு. கர்நாடகத்தில் 1975-ம் வருஷத்தில் பார்த்தீனியம் பூண்டு தீய களையென்று அறிவிக்கப்பட்டது. 1950-களில் புனா நகரத்தருகில் காணப்பட்ட அப்பூண்டு, அறிவிப்புக்குப் பிறகும் பரவுவது நிற்கவில்லை. சாலையோரமும், தரிசும், ரயில் பாதையும் யாருடைய பொறுப்பு என்று ஒருவரையொருவர் பார்த்திருந்த இடமெல்லாம் அதற்கு வசதியான நாற்றங்காலாயின. ஆஸ்திரேலியாவில் சர்க்கார் நிலத்துக் கள்ளி செய்ததை இங்கே புறம்போக்குப் பூண்டு செய்கிறது.

சீமைக் கருவேலின் கதையும் இத்தகையதே. விறகுக்கென்று விரும்பி வளர்த்த மரம் கண்மாய்களிலும் தரிசுகளிலும் புகுந்து, பல இடங்களில் பட்டா நிலங்களையும் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-ம் வருஷத்தில் அன்னியக் களைத் தாவரங்களை அகற்றுவது பற்றிய கொள்கையொன்றை வெளியிட்டது. நன்றாக வளர்ந்துவிட்ட கருவேலங்காட்டை வேரோடு எடுக்க ஆகும் செலவு, ஒரு சிறு குடியானவரால் தாங்கத்தக்கதல்ல. கன்றாக இருக்கையில் ஒரு மண்வெட்டி போதும்.

செய்யவேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நில உடைமையாளரும் கிராம உத்தியோகஸ்தரும் கைக்கொள்ளத்தக்க முறைகள் பின்வருமாறு:

1. ஒவ்வொரு மழைப் பருவத்துக்குப் பிறகும் நிலத்தை மட்டுமின்றி வரப்பு, வேலி, வாய்க்கால் கரை, களத்துமேடு, எருக்குழி ஆகியவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்க்கவேண்டும். முன்பு கண்டிராத செடியைக் கண்டால் அதை வேரோடு எடுத்து, விவசாய இலாகா உத்தியோகஸ்தரிடம் காட்டுதல் நலம்.

2. பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்கவேண்டும். ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். பூத்தபின் பிடுங்குவது விதைப்பதற்குச் சமம். வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாகுமாதலால் கையுறை அணிந்தோ, துணி சுற்றிக்கொண்டோ வேலை செய்யவேண்டும்.

3. சீமைக் கருவேலை வெட்டிவிட்டால் அடியிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். தூரையும் வேரையும் தோண்டி எடுப்பதே பயன் தரும். அதன் நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். விதை சாணத்திலும் புழுக்கையிலும் கெடாமல் வெளிவரும். ஆகையால் நெற்று உதிரும் காலத்தில் அவ்விடங்களில் மேய்த்த கால்நடைகளை நல்ல நிலத்தில் உடனே கிடை போடுதல் கூடாது.

4. ஏரி, வாய்க்கால்களில் படரும் ஆகாயத் தாமரையை ஒரு மடைக்காரர் மட்டும் எடுப்பதில் பலனில்லை. தலைமடையிலிருந்து கடைமடை வரையில் உள்ளவர்கள் ஒரே வாரத்தில் எடுக்கவேண்டும். எடுத்ததைக் கரையோரம் விடாமல் தொலைவில் குவித்து மட்கவிட்டால் எருவாகும்.

5. களை நீங்கிய நிலத்தை வெறுமையாக விடலாகாது. பயிரோ, தழைச்சத்துச் செடியோ, தீவனப் புல்லோ உடனே விதைக்கவேண்டும். வெற்று நிலம் களைக்குச் சொந்தம்.

6. கிராம உத்தியோகஸ்தர்கள் அடங்கல் எழுதும்பொழுது பயிரைப் பார்ப்பதோடு களையையும் பார்த்து, புதிய களை எந்தச் சர்வே நம்பரில், ஏறக்குறைய எத்தனை சென்டில் உள்ளது என்று குறித்து மேலுக்கு எழுதுவது மிக்க உபகாரமாகும். 5 சென்டில் இருக்கும்போது எழுதிய ஒரு வரி, 500 ஏக்கரில் பரவிய பிறகு எழுதும் நூறு மகஜர்களுக்கு மேலானது.

7. புறம்போக்கு, சாலையோரம், ஏரிக்கரை முதலிய பொது இடங்களையே முதலில் சுத்தம் செய்யவேண்டும். பொது நிலத்தில் களையை விட்டுவிட்டுப் பட்டாதாருக்கு நோட்டீஸ் கொடுத்தால், நோட்டீஸுக்கு மதிப்பிராது.

8. பூச்சி விட்டு ஒழிக்கும் முறை நிபுணர்கள் சோதித்து அனுமதித்த களைகளுக்கும் பூச்சிகளுக்கும் மட்டுமே உரியது. குடியானவர்கள் தாமாக எங்கிருந்தேனும் பூச்சியையோ செடியையோ கொண்டுவருவது அபாயம். ஸ்கோன் ஊருக்குக் கள்ளி ஒரே ஒரு தொட்டியில்தான் வந்தது.

களைச் சட்டம் குடியானவருக்கு எதிராகச் செய்யப்பட்ட சட்டமன்று. தன் நிலத்தைச் சுத்தமாக வைத்திருப்பவரை, அவ்வாறு வைக்காத அண்டை நிலத்துக்காரரிடமிருந்தும், பொறுப்பற்றுக் கிடக்கும் பொது நிலத்திலிருந்தும் காப்பாற்றுவதற்கு ஏற்பட்டது. ஆனால் அது களை சிறிதாயிருக்கும்போது மட்டுமே முழுப் பலன் தரும் ஆயுதம். ஆறு கோடி ஏக்கர் கள்ளியின் முன் சட்டம் பலமற்று நின்றது. ஒரு சென்ட் கள்ளியின் முன் ஒரு மண்வெட்டியே போதுமாயிருந்தது. அடுத்த மழை பெய்து ஈரம் காயுமுன், ஒவ்வொரு பட்டாதாரும் தம் நான்கு எல்லையையும் ஒருமுறை சுற்றி வருவாராக. கூடவே அண்டை நிலத்துக்காரரையும் அழைத்துக்கொண்டு போனால் இரட்டிப்புப் பலன் உண்டு.